லீதியாளின் குரல் ஏலம் போன கதை

எங்கள் மேல்பஜார் கோயிலின் பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் பாடிக்கொண்டிருந்த லீதியாளின் குரல், ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் ஒரு சாயங்காலம், வீட்டில் குடும்ப ஜெபத்துக்காகக் கீர்த்தனை பாடிக்கொண்டிருக்கும்போது, இரண்டாவது சரணத்தின் நடுவில் அவள் தொண்டையை விட்டுக் கிளம்பிப்போய், புருஷன் ரோலண்ட் வாசித்துக்கொண்டிருந்த பியானோவுக்குள் உட்கார்ந்துகொண்டது. அவள் வாய் திறந்தபடி இருந்தது, பாட்டு பியானோவிலிருந்து வந்தது. சரணம் முடிந்ததும் இருவரும் முழங்கால் போட்டு ஜெபித்தார்கள். ஆமென் சொல்ல அவள் வாயசைத்தபோது சத்தம் வரவில்லை, ரோலண்ட் எழுந்துபோய் ஒரு கட்டையைத் தொட்டான், பியானோ அவள் குரலில் ஆமென் என்றது. பிறகு ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள். மறுநாள் பால்காரருக்குத் தெரிந்து, பால்காரர் மூலம் பக்கத்து வீட்டு டீச்சருக்குத் தெரிந்து, வெயில் ஏறுவதற்குள் குன்னூர் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. பனி இறங்குவதையும் கேரட் விலை ஏறுவதையும் எப்படிப் பேசுவோமோ அப்படித்தான் இதையும் பேசினோம்.

லீதியாளின் புருஷன் ரோலண்ட் தவமணி பியானோ வாசித்துப் பிழைக்கிறவன். எந்த ஓட்டலிலும் மாதச் சம்பளம் கிடையாது, கூப்பிட்டால் போவான், கூப்பிடாவிட்டால் வீட்டில் வாசிப்பான். அவன் அப்பா ஒரு தோட்டத் துரையிடம் கார் ஓட்டியவர். துரையும் துரைசானியும் ஊரைவிட்டுப் போகும்போது, கப்பலில் ஏற்ற மனமில்லாத பியானோவையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் டிரைவருக்கு விட்டுப்போனார்கள். அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஜாஸ். அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த ரோலண்டுக்கு ஒரு பாட்டை ஆரம்பித்த இடத்திலிருந்து முடிகிற இடத்துக்கு நேராகக் கொண்டுபோகவே தெரியாது. ஒழுங்காகத் தொடங்குவான், நடுவில் ஒரு சந்தில் நுழைவான், யார் வீட்டுப் பின்பக்கமோ எட்டிப்பார்ப்பான், நாம் சலித்துப்போய் வாட்சைப் பார்க்கும்போது எங்கிருந்தோ வந்து சேருவான். சீசனில் மலையேறி வந்தவர்கள் ஓட்டல் கூடத்தில் சூப்பை உறிஞ்சிக்கொண்டே, "சினிமாப் பாட்டு ஏதாவது தெரியுமா?" என்று கேட்பார்கள். பாரில் வாசிக்கிற கை கோயிலில் வாசிக்கலாமா என்று நாங்கள் கேட்போம். பாரில் அவன் ஆரஞ்சு ஜூஸ் தவிர எதையும் தொட்டதில்லை, சிகரெட் புகைக்கு நடுவில் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் வாசிக்கவே தொடங்குவான், தன் கைக்கு இந்த விளையாட்டைக் கொடுத்தவர் கர்த்தர் என்று உண்மையிலேயே நம்பினான். அதனால் ஓட்டல்காரர்கள் அவனைக் கோயில் ஆள் என்றார்கள், நாங்கள் அவனை ஓட்டல் ஆள் என்றோம். யாரும் அவனை முழுசாக உட்கார்ந்து கேட்டதில்லை. அந்த ஆசைதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

குரல் குடிபோன பிறகு அதன் குணங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. யார் எந்தப் பாட்டை வாசித்தாலும் அது பாடும். லீதியாள் பக்கத்தில் நின்று வாயசைத்தால், வாசிக்கிறவர் கைக்கு ஏற்ற ராகத்தில் அவள் நினைத்ததைப் பேசும். ஒருமுறை அவள் பேசியதை அதே கட்டைகளில் மறுபடி வாசித்தால், அவள் இல்லாமலே மறுபடி சொல்லும். அவளாக வாசித்தால் மட்டும் ஒன்றுமில்லை, அவள் விரல் பட்டதும் அது வெறும் மரமும் கம்பியுமாக டொங் டொங் என்றது. தன் குரலைத் தொட அவளுக்கு இன்னொருவர் கை வேண்டியிருந்தது.

ஆரம்பத்தில் அவர்கள் வீட்டில் நல்ல காலம்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். சமையல் முடித்துவிட்டு அவள் பியானோ பக்கத்தில் வந்து நிற்பாள், அவன் மெல்ல மெல்லத் தட்டிக்கொடுப்பான், பீன்ஸ் விலை, தண்ணீர் வராத குழாய், தங்கச்சி மாமியாரின் அட்டகாசம் எல்லாம் ஜாஸாக வெளியே வரும். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அவளை இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டதில்லை. "உனக்கு இவ்வளவு சொல்றதுக்கு இருந்துச்சா?" என்று அவன் கேட்டதாகவும், "கேட்டாத்தானுங்க சொல்ல முடியும்" என்று பியானோ சிரித்ததாகவும் ஜன்னலுக்கு வெளியே நின்ற டீச்சர் சொன்னாள். சண்டை வந்தால் மட்டும் அவன் மூடியைச் சாத்திவிட்டு வெளியே போய்விடுவான். அவள் மூடிய மரத்தின் முன்னால் வாயசைத்துக்கொண்டு நிற்பாள். எங்கள் ஆண்கள் பலர் அவனைப் பொறாமையோடு பார்த்த காலம் அது.

அவளுக்கு எழுதத் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும், முத்து முத்தான கையெழுத்து. துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுவாள். நாங்கள்தான் கண்ணாடி கொண்டுவரவில்லை என்போம், அப்புறம் வாசிக்கிறேன் என்று பையில் வைத்துக்கொள்வோம், வைத்துக்கொண்டதைச் சட்டையோடு துவைப்போம். எழுதிக் காட்டுகிறவளோடு பேசுவதற்குப் பொறுமை வேண்டும், எங்களுக்கோ அடுப்பில் சோறு கிடந்தது.

கோயில் இந்த விஷயத்தை எப்படி எடுத்துக்கொண்டது என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு. பாடகர் குழுவில் ஆல்ட்டோ வரிசை காலியானதால், ஞாயிறு தவறாமல் பியானோவை லாரியில் ஏற்றிக் கொண்டுவர முடிவானது. குரல் பியானோவில் இருக்கும்போது லீதியாள் குழுவின் வெள்ளைச் சேலையைக் கட்டலாமா என்று கமிட்டியில் விவாதம் நடந்து, கட்டலாம், ஆனால் பாட்டு நடக்கும்போது வாயசைக்கக் கூடாது, பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் என்று தீர்ந்தது. அத்தியட்சர், அதாவது பிஷப், அனுப்பிய பெரியவர் ஒருவர் வந்து, பியானோவைச் சுற்றி நடந்து, குனிந்து உள்ளே பார்த்து, டீ குடித்துவிட்டு, "பிலேயாமின் கழுதை பேசினதாக வேதத்தில் இருக்கும்போது, பியானோ பேசுவதற்குத் தடை ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். உதகையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவள் தொண்டையில் இருந்தபோது எங்களுக்குச் சுமாராகப் பட்ட அதே குரல், பியானோவிலிருந்து வந்தபோது கண்ணீர் வரவழைத்தது. வந்தவர்கள் பியானோவைத் தொட்டுப் பார்த்தார்கள், ரோலண்டின் கையைக் குலுக்கினார்கள், லீதியாளைத் தாண்டிப் போனார்கள்.

ஓட்டல்காரர்கள் இப்போது ரோலண்டைத் தேடி வீட்டுக்கே வந்தார்கள். அவன் கூடத்தில் உட்கார்ந்தால் சூப் ஆறியது, கரண்டிகள் அப்படியே நின்றன. அவன் சந்தில் நுழைந்தாலும் குரல் கூடவே நுழைந்தது, அவன் வழி தவறினால் அதுவும் தவறியது, கேட்டவர்கள் யாரும் வாட்சைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஜனங்கள் அவனை முழுசாகக் கேட்டார்கள். அவன் வீட்டில் உட்கார்ந்து பீன்ஸ் விலை கேட்பது குறைந்தது. லீதியாளையும் கூட்டிக்கொண்டு போகலாம்தான், ஆனால் லாரியில் பியானோவுக்கும் சுமக்கிறவர்களுக்கும்தான் இடம் இருந்தது.

பியானோ இப்படி லாரியிலேயே குடியிருந்த நாட்களில் அறுப்பின் பண்டிகை வந்தது.

எங்கள் ஊர் அறுப்பின் பண்டிகையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவரவர் விளைச்சலில் முதல் பங்கை எடுத்து ஆல்டர் என்கிற பலிபீடத்தின் முன்னால் வைப்போம். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பிளம்ஸ், தேயிலைப் பொட்டலம், கேக், கால் கட்டிய சேவல். ஆயர் அவற்றின் மேல் கைநீட்டி ஜெபிப்பார். ஜெபம் முடிந்த நிமிஷத்தில் அங்கே இருக்கிற எதுவும் கொடுத்தவனுடையது இல்லை, கர்த்தருடையது. வெளியே முற்றத்தில் ஏலம் விட்டு, பணத்தைக் கோயிலில் சேர்ப்போம். ஏலத்தில் எலுமிச்சம்பழம் தங்க விலைக்குப் போகும், அதில்தான் எங்கள் கௌரவமே இருந்தது. ஜெபம் நடக்கும்போது ஆல்டர் முன்னால் தெரியாமல் வைத்ததும் இதில் சேர்த்திதான். ஒரு விதவை பூசணிக்காயை இறக்கும்போது கைப்பையையும் கீழே வைத்துவிட்டு, தன் மூக்குக்கண்ணாடியைத் தானே ஏலம் எடுத்திருக்கிறாள். ஒருத்தரும் எதிர்த்துப் பேசியதில்லை.

ரோலண்டுக்கு நிலமும் இல்லை, சேவலும் இல்லை. இந்த வருஷம் கர்த்தர் தனக்குச் செய்ததற்கு நன்றியாகப் பண்டிகை ஆராதனை முழுக்கத் தானே வாசிப்பதாகப் பொருத்தனை செய்து நேர்ந்துகொண்டிருந்தான். பக்கவாட்டில் வழக்கமாக பியானோ நிற்கிற இடத்தில் கரும்புக் கட்டு நின்றது. சுமந்து வந்தவர்களுக்கு முதுகு வலித்தது. கோஸுக்கும் பீட்ரூட்டுக்கும் நடுவில், ஆல்டருக்கு நேராக பியானோவை இறக்கிவிட்டார்கள். ரோலண்ட் அன்று வாசித்த மாதிரி எப்போதும் வாசித்ததில்லை. கடைசிக் கீர்த்தனையை முடித்து, கட்டைகளிலிருந்து கையை எடுத்து, எல்லோரோடும் எழுந்து நின்றான். ஆயர் கைகளை நீட்டி நீளமாக ஜெபித்தார். நாங்கள் ஆமென் என்றோம். கோயில் வேலைகளைப் பார்த்து ஏலமும் விடுகிற கோயில்பிள்ளை சாக்பீஸோடு வந்து, ஒவ்வொன்றாக நம்பர் போட்டுக்கொண்டே, பியானோவின் பக்கப் பலகையிலும் ஒரு நம்பர் போட்டுவிட்டுச் சேவலிடம் போனார்.

அது தன்னுடையது, வாசிக்கத்தான் கொண்டுவந்தேன் என்று ரோலண்ட் சொல்லியிருக்கலாம். நாங்கள் முணுமுணுத்திருப்போம், விட்டும் இருப்போம். ஆனால் அவன் விசுவாசி. ஆல்டர் முன் வைத்ததில் கையை வைத்தால் என்ன ஆகும் என்று ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். கர்த்தருக்கென்று வைத்ததில் ஒரு பங்கை ஒளித்துக்கொண்ட அனனியாவும் சப்பீராளும் விழுந்து செத்த படம் எங்கள் எல்லோர் மனசிலும் உண்டு. அவன் முகம் வெளுத்துப்போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

முற்றத்தில் கோஸ் போனது, கேக் போனது, சேவல் போனது. பியானோ முறை வந்தபோது பொன்ராஜ் அண்ணாச்சி விலை கேட்டார். பஜாரில் பெரிய மளிகையும் பெராக்கா மகால் என்ற கல்யாண மண்டபமும் அவருடையவை, கோயிலுக்குப் பொருளாளரும் அவர்தான். லீதியாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். பியானோவின் மேல் கையை வைத்துக்கொண்டு வாயசைத்தாள். யாரும் கட்டையைத் தொடவில்லை, அதனால் சத்தமில்லை. ரோலண்டைப் பார்த்து வாயசைத்தாள். அவன் பின்னால் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. அவளே மூடியைத் திறந்து படார் படாரென்று தட்டினாள், டொங் டொங் என்றது. கடைசியில் வேண்டாம், வேண்டாம் என்று கையைத் தூக்கி ஆட்டினாள்.

ஏலத்தில் கையைத் தூக்கினால் விலை கேட்டதாக அர்த்தம். கோயில்பிள்ளை விலையை ஏற்றினார். அண்ணாச்சி அதற்கு மேல் கேட்டார். அவள் இன்னும் பலமாக ஆட்டினாள், விலை இன்னும் ஏறியது. இப்படி ஒரு ஏலத்தை நாங்கள் பார்த்ததே இல்லை, ஒவ்வொரு தரமும் கை தட்டினோம், "விடாத லீதியாள்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அண்ணாச்சிக்கு வியர்த்தது. அவள் கை இறங்கவே இல்லை. அப்போதுதான் ரோலண்ட் பின்னால் கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு வந்து, தூக்கிய அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, இறக்கிய இடத்திலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஒரு தரம், இரண்டு தரம், மூணு தரம் என்றார் கோயில்பிள்ளை. ஆயர் லீதியாளிடம் வந்து, யெப்தாவும் தன் பொருத்தனையிலிருந்து பின்வாங்கவில்லை என்று ஆறுதல் சொன்னார். அந்தக் கதையில் யெப்தா பொருத்தனைக்காகத் தன் மகளையே பலி கொடுத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நல்ல மனசோடுதான் சொன்னார்.

பெராக்கா மகாலில் பியானோவை மணமேடைக்கு இடதுபக்கம், பிளாஸ்டிக் பூவளைவுக்குக் கீழே போட்டார்கள். அண்ணாச்சி மோசமானவர் இல்லை. மறுநாளே ரோலண்டைக் கூப்பிட்டனுப்பினார்.

"மனசுல வச்சுக்கிடாத, ரோலண்டு. ஏலம் ஏலந்தான. நீயே வந்து வாசி. கல்யாணத்துக்குக் கல்யாணம் கூலி. உன் வீட்டுக்காரியும் வரட்டும், பந்தியில சாப்பிடட்டும்."

அப்படியாக, தன் சொந்த பியானோவைக் கூலிக்கு வாசிக்கிறவனாக ரோலண்ட் ஆனான், தன் குரலைக் கேட்க அழைப்பில்லாத கல்யாணங்களுக்குப் போகிறவளாக லீதியாள் ஆனாள். மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு உட்கார்ந்திருக்க, இரண்டு பாட்டுக்கு நடுவில் அவள் பியானோ பக்கத்தில் வந்து நிற்பாள், அவன் கட்டைகளை மெல்லத் தட்டிக்கொடுப்பான். "கேஸ் தீந்துபோச்சுங்க" என்று மகால் முழுக்க இனிமையாகக் கேட்கும். "உங்க அக்கா போன் பண்ணாங்க" என்று கேட்கும். முதலில் எல்லோரும் சிரித்தோம். ஒருநாள் ஒரு பெரிய இடத்துக் கல்யாணத்தில், சமையற்கட்டுப் பக்கமாகப் போய்வந்தவள் நேராக பியானோவிடம் வந்து, "மட்டன் நாத்தமடிக்குதுங்க, குழந்தைங்களுக்குக் குடுக்காதீங்க" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பந்தி கலைந்தது, அண்ணாச்சியின் பெயர் கெட்டது. இனி அவள் மகாலுக்குள் வரக்கூடாது என்று அவர் சொன்னார். ரோலண்ட் கொஞ்சம் தயங்கினான். கோத்தகிரியில் ஒரு கீபோர்டுக்காரன் பாதிக் கூலிக்கு வரத் தயாராக இருக்கிறான், யார் தொட்டாலும் பாடுகிற பியானோதானே என்றார் அண்ணாச்சி. ரோலண்ட் தயக்கத்தை விட்டான்.

அதற்கப்புறம் அவள் மகால் கேட்டுக்கு வெளியே நின்று கேட்பாள், பிறகு அதுவும் நின்றது. வீட்டில் பியானோ இருந்த இடத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ரோலண்ட் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவான், மகாலில் அவள் குரலோடு நாலைந்து மணி நேரம் இருப்பான், வீட்டுக்கு வந்து அவள் பக்கத்தில் படுப்பான். எங்கள் ஊரில் மனைவியோடு அவ்வளவு நேரம் செலவழிக்கிற ஆண் வேறு யாருமில்லை என்று சொல்லிச் சிரிப்போம். அவன் ஜாஸ் அந்தச் சீசனில் உச்சத்தில் இருந்தது. சென்னையிலிருந்து ஆட்கள் கேட்க வந்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் சபையின் கூடுகை மகாலில் நடந்தது. வருஷம் முடிகிற கூடுகையில் சாட்சி சொல்வது வழக்கம். வியாதி தீர்ந்தவர்கள், வேலை கிடைத்தவர்கள் எழுந்து நின்று கர்த்தர் செய்த நன்மையைச் சொல்வார்கள். இந்த வருஷம் லீதியாள் சாட்சி சொன்னால் நன்றாயிருக்கும் என்று பெண்கள் ஐக்கியம் கேட்டது. தன் குரலைத் தேவன் இத்தனை பேருக்குப் பிரயோஜனமாக்கினார் என்று அவள் சொல்ல, பியானோ பாட, கேட்க எவ்வளவு நெகிழ்ச்சியாயிருக்கும். அண்ணாச்சியும், "ஒரு நாளைக்குத்தான, உள்ள வரட்டும்" என்றார்.

லீதியாள் வெள்ளைச் சேலையில் வந்தாள். சாட்சிக்குப் பின்னணியாக ரோலண்ட் மெல்ல வாசிக்க ஆரம்பித்தான். கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ரொம்ப நாளாகப் பேசாதவள், குரல் எங்கேயும் தடுமாறவில்லை.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரங்க" என்றது பியானோ. "அன்னைக்கு ஏலத்துல நான் கையைத் தூக்குனது வெல கேக்க இல்லீங்க. என்னுது, தரமாட்டேன்னு சொல்றதுக்கு. இவரு ஒரே ஒரு கட்டையைத் தொட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். தொடல. எங்கையைப் புடிச்சு எறக்குனாரு."

ஆயர் தொண்டையைச் செருமினார். அண்ணாச்சி கூரையைப் பார்த்தார்.

"திருப்பிக் குடுங்கன்னு கேக்க வரலீங்க. குடுக்கமாட்டீங்க, தெரியும். கோத்தகிரிக்காரரு வாசிக்கட்டும், யாரு வேணாலும் வாசிக்கட்டும். இவரு மட்டும் வேண்டாம்." அவள் ரோலண்டின் பக்கம் திரும்பினாள். "வேற யாரு கையில வேணாலும் பாடறேன். உங்க கையில இனிமே பாடமாட்டேங்க. போதுங்க, நிறுத்துங்க."

அவன் கையை எடுத்திருந்தால் அவ்வளவுதான், கதை அங்கேயே முடிந்திருக்கும். அவன் கை கட்டைகளின் மேல் ஒரு நொடி அப்படியே நின்றது, அதை நாங்கள் பார்த்தோம். அவன் முகத்தில் வலி இருந்தது, அதையும் பார்த்தோம். ஆனால் அவள் அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொன்னபோது குரல் இறங்கிய விதம் இருக்கிறதே, கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் இல்லாத ஒரு இடத்தில் போய் உடைந்தது. அப்பாவின் இசைத்தட்டுகளைக் கேட்ட நாளிலிருந்து ரோலண்ட் தேடிக்கொண்டிருந்த இடம் அது. அவன் விரல்கள் அதைத் திரும்பத் தொட்டன. போதுங்க, நிறுத்துங்க. இடது கை கீழே ஒரு நடையைப் பிடித்துக்கொண்டது. போதுங்க, நிறுத்துங்க. அவன் சந்தில் நுழைந்தான், சுற்றினான், எங்கெங்கோ போய்விட்டு அதே இடத்துக்கு வந்தான், வரும்போதெல்லாம் அந்தக் குரல் முன்னைவிட அழகாக உடைந்தது.

முதலில் எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு யாரோ ஒருவர் கால் தாளம் போட்டது, பிறகு எல்லோர் காலும் போட்டது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆயர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். லீதியாள் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள், அவன் நகரவில்லை. அவள் வாய் மூடியிருந்தது. இரண்டாவது தரத்திலிருந்தே அவள் வாயைத் திறக்கவில்லை என்பதை முன்வரிசையில் இருந்த நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பாட்டு முடிந்ததும் கை வலிக்கத் தட்டினோம். ஒன்ஸ் மோர் என்றோம். அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.